தடுப்பூசியும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும்

பிறவிக் குறைபாட்டாலோ, நோயாலோ, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்தாலோ உடலின் நோயெதிர்ப்பாற்றல் நலிந்துபோனவர்களுக்குத் தடுப்பூசி போடும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த ஊசி இவருக்குத் தீங்கு செய்யுமா? செய்யாது என்றால், பலனாவது தருமா? நோயாளிகளும் குடும்பத்தாரும் அஞ்சி அஞ்சிக் கேட்பது முதல் கேள்வியைத்தான். அந்த அச்சத்துக்கு உரியவை உயிருள்ள கிருமியைக் கொண்ட சில தடுப்பூசிகள் மட்டுமே. மற்ற ஊசிகளால் இவர்களுக்கு வரும் பக்கவிளைவு எல்லோருக்கும் வருவதுதான். அவற்றைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே பெரிது. இந்த வேறுபாடு தெரியாமல், பயத்தால் எல்லா ஊசியையும் ஒன்றாகத் தள்ளிப்போட்டால், தடுப்பூசி மிகவும் தேவைப்படுகிறவர்களே அது கிடைக்காமல் நிற்பார்கள்.

யாருக்குப் பொருந்தும்

பிறவிக் குறைபாடுகளில் மிகக் கொடியது கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. நோயெதிர்ப்புக்கு அடிப்படையான டி அணுக்கள் இல்லாமலோ, இருந்தும் வேலை செய்யாமலோ பிறக்கும் இந்தக் குழந்தைகள் முதல் சில வாரங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே இருப்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் அதுவரை ஓரளவு காக்கும். பிறகு விடாத வயிற்றுப்போக்கு, நிமோனியா, வாயில் ஆறாத வெண்புண் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். எதிர்ப்பொருளே சுரக்காத குறைபாடு, விழுங்கிய கிருமியை வெள்ளணுக்களால் கொல்ல முடியாத குறைபாடு என இவ்வகைப் பிறவி நோய்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தனித்தனியே அரிது என்றாலும், நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இவற்றில் பல கூடுதலாகத் தென்படுகின்றன.

வாழ்க்கையின் இடையில் வரும் குறைபாடுகளே எண்ணிக்கையில் மிகுதி. எச்.ஐ.வி. தொற்று, ரத்தப் புற்றுநோய், கீமோதெரபி, எலும்பு மஜ்ஜை மாற்று, சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்று, டயாலிசிஸ், மண்ணீரல் அகற்றம் ஆகியவை இதில் அடங்கும். முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், குடல் அழற்சி நோய்கள் ஆகியவற்றுக்காக மெத்தோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்சிமாப், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளை எடுப்பவர்களும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் 14 நாட்களோ அதற்கு மேலோ கொடுக்கப்பட்டால் எதிர்ப்பாற்றல் குன்றியதாகக் கொள்வது வழக்கம். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர், தோலில் தடவும் களிம்பு, மூட்டுக்குள் போடும் ஊசி இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேரா. சர்க்கரை நோயாளிகளும், பருவம் மாறும்போதெல்லாம் சளி பிடிப்பவர்களும்கூட இங்கே பேசப்படும் பொருளில் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் அல்லர். இன்ஹேலர் உறிஞ்சும் குழந்தைக்குத் தட்டம்மை ஊசியை நிறுத்திவைப்பது காரணமில்லாத தாமதம்.

உயிருள்ள கிருமி, உயிரற்ற கிருமி

தடுப்பூசிகளில் ஒரு பிரிவு, நோய் உண்டாக்கும் வீரியம் தணிக்கப்பட்ட, ஆனால் உயிரோடிருக்கும் கிருமிகளைக் கொண்டது. பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் தெளிக்கும் இன்ஃபுளுவென்சா மருந்து ஆகியவை இந்த வகை. இவை உடலுக்குள் கொஞ்சம் பெருகியே பாடம் கற்பிக்கின்றன. நலமான உடல் சில நாட்களிலோ வாரங்களிலோ அந்தப் பெருக்கத்தை அடக்கிவிடும். அடக்க ஆளில்லாத உடலில் அது தொடரும். தடுப்பூசிக் கிருமியே நோயாக மாறும்.

மற்றொரு பிரிவில் கொல்லப்பட்ட கிருமியோ, அதன் ஒரு துண்டோ, செயலிழக்கச் செய்த நச்சோ மட்டுமே இருக்கும். போலியோ ஊசி, ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட், நிமோகாக்கல், எச்.பி.வி., வெறிநாய்க்கடி ஊசி, இன்ஃபுளுவென்சா ஊசி எல்லாம் இதில் சேரும். கோவிட் காலத்தில் போடப்பட்ட கோவாக்சின் கொல்லப்பட்ட வைரஸ். கோவிஷீல்டில் இருந்தது உடலுக்குள் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட அடினோவைரஸ். எவ்வளவு நலிந்த உடலிலும் இவற்றால் தொற்று உண்டாக வழியே இல்லை.

உயிருள்ள தடுப்பூசிகள் தந்த பாடங்கள்

ஆபத்தை முதலில் காட்டியது பெரியம்மைத் தடுப்பு. அம்மை குத்திய இடத்தில் வரும் கொப்புளம் மூன்று வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர வேண்டும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடம் அந்தப் புண் ஆறாமல் அகன்று, ஆழமாகி, சதையை அழுகச் செய்து உயிரையே பறித்தது. 1984இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு, எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியாமல், மற்ற ஊசிகளோடு பெரியம்மைத் தடுப்பும் போடப்பட்டது. சில வாரங்களில் உடலெங்கும் புண்கள் பரவின. ஊசிக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் மருந்து செலுத்தித்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார அமைப்பு அறிவித்த பிறகு பொதுமக்களுக்கு இந்த ஊசி தேவைப்படவில்லை. ஆனால், ஊசி போடும் முன் எதிர்ப்பாற்றலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு இத்தகைய நேர்வுகளே வழிவகுத்தன.

இந்தியக் குழந்தைகளைப் பொறுத்தவரை இன்று முக்கியமானது பி.சி.ஜி. காச நோயைத் தடுக்கப் பிறந்த உடனே இடது தோளில் போடப்படும் இந்த ஊசி, மாட்டுக் காசக் கிருமியிலிருந்து பிரான்சில் கால்மெட், கெரான் இருவரும் உருவாக்கியது. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் நாட்டுக்கே இதைத் தயாரித்துத் தந்தது. ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் சிறு கட்டி எழும்பி, உடைந்து, தழும்பாக ஆறுவது இயல்பு. அக்குளில் சிறிதாக நெறி கட்டுவதும் சிலருக்கு உண்டு. புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், நெறி பெருத்துச் சீழ் வைத்தால், கூடவே காய்ச்சலும் எடைக்குறைவும் வந்தால், அந்தக் குழந்தையின் எதிர்ப்பாற்றலைச் சோதித்தே தீர வேண்டும். பல பிறவிக் குறைபாடுகள் முதலில் வெளிப்படுவது இந்தத் தோள்புண்ணில்தான்.

கடும் கூட்டுக் குறைபாட்டோடு பிறந்து, அது தெரியாமல் பி.சி.ஜி. போடப்பட்ட 349 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. 17 நாடுகளின் மருத்துவமனைகள் அதில் பங்கேற்றன. அந்தக் குழந்தைகளில் 51 விழுக்காட்டினருக்கு ஊசிக் கிருமியால் பாதிப்பு வந்திருந்தது. 34 விழுக்காட்டினருக்கு அது உடலெங்கும் பரவியிருந்தது. பிறந்து ஒரு மாதத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களுக்கே பாதிப்பும் சாவும் கூடுதல். இப்படிப் பரவிய கிருமியைக் காச நோய் மருந்துகளால் எதிர்கொள்ள வேண்டும். ஆனால் வழக்கமான கூட்டு மருந்தில் ஒன்றான பைரசினமைடு மாட்டுக் காசக் கிருமியிடம் எடுபடாது. எதிர்ப்பாற்றலைத் திரும்ப உண்டாக்கும் குருத்தணு (எலும்பு மஜ்ஜை) மாற்றும் நடந்தால்தான் முழுக் குணம்.

பிறந்த அன்றே போடப்படும் ஊசி, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும் நோய். இந்த இடைவெளியே சிக்கலின் வேர். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தை அட்டையில் உலர்த்தி, டி அணுக்கள் உருவாகும்போது கழியும் டி.என்.ஏ. வளையங்களை எண்ணிப் பார்த்தால் குறைபாட்டை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைத் தொடங்கியது. 2018 முடிவதற்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களுக்கும் அது பரவியது. இந்தியாவில் எல்லோருக்குமான சோதனையாக அது இன்னும் வரவில்லை. ஆகவே இங்கே கைகொடுப்பது குடும்ப வரலாறு மட்டுமே. மூத்த குழந்தை ஒன்று கைக்குழந்தையாக இருக்கும்போதே காரணம் புரியாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்குச் சோதனை முடியும் வரை பி.சி.ஜி.யையும் சொட்டு மருந்துகளையும் நிறுத்திவைக்க வேண்டும். பிரசவ அறையில் ஒரு கேள்வி கேட்டால் போதும். அது கேட்கப்படாமல் போவதுதான் வேதனை.

எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளிடமும் இதே ஆபத்து காணப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் செய்யப்பட்ட கணிப்பில், தொற்றுள்ள குழந்தைகளில் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 1,000 பேருக்கு பி.சி.ஜி. கிருமி உடலெங்கும் பரவியது தெரிந்தது. உலகச் சுகாதார அமைப்பு 2007இல் இவர்களுக்கு இந்த ஊசி வேண்டாம் என்றது, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து பரவலான பின், 2018இல், மருந்தால் உடல்நிலை தேறி, எச்.ஐ.வி. தாக்கும் சி.டி.4 அணுக்கள் நிலைபெற்ற குழந்தைகளுக்குப் போடலாம் என்று மாற்றியது.

மருந்தால் வரும் குறைபாடு தாய் வழியாகவும் குழந்தைக்குச் சேரலாம். பிரிட்டனில் குடல் அழற்சி நோய்க்காகக் கர்ப்ப காலத்திலும் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்துவந்த ஒரு தாயின் குழந்தைக்கு மூன்று மாதத்தில் பி.சி.ஜி. போடப்பட்டது, ஊசிக் கிருமி பரவி அந்தக் குழந்தை நாலரை மாதத்தில் இறந்தது. 2010இல் இது வெளியான பிறகே, நஞ்சுக்கொடி வழியாக மருந்து குழந்தைக்குச் செல்வதன் விளைவு மருத்துவர்களுக்கு உறைத்தது. இத்தகைய குழந்தைகளுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது, பல வழிகாட்டுதல்களின்படி ஓராண்டு, பி.சி.ஜி.யைத் தள்ளிவைக்கிறார்கள். பிறந்த அன்றே ஊசி போடும் நாட்டில், வாத நோய்க்கோ குடல் நோய்க்கோ இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்து எடுக்கும் கர்ப்பிணி அதைப் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

போலியோ சொட்டு மருந்தில் ஆபத்து இருமுகம் கொண்டது. வாய்வழி சென்ற வைரஸ் குடலில் பெருகி மலத்தில் வெளியேறும். வழக்கமாகச் சில வாரங்களில் நின்றுவிடும். எதிர்ப்பொருள் சுரக்காதவர்களின் குடலில் அது ஆண்டுக்கணக்கில் தங்கி, மெல்ல மெல்லப் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறுகிறது. அந்த நபருக்கே வாதம் வரலாம். மலத்தின் வழியே ஊருக்கும் பரவலாம். பிரிட்டனில் குழந்தைப் பருவத்தில் சொட்டு மருந்து எடுத்த ஒருவர் 28 ஆண்டுகளாக இரண்டாம் வகை போலியோ வைரஸை வெளியேற்றி வந்ததை 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவருக்கு வாதம் வரவில்லை. அவர் உடலிலிருந்து வெளிவந்த வைரஸோ மூல மருந்திலிருந்து வெகுதூரம் மாறியிருந்தது. உலகிலிருந்து போலியோவை முற்றாகத் துடைக்கும் முயற்சியில் இத்தகையோரைக் கண்டறிவது தனிப் பணியாகவே நடக்கிறது. இந்தியா 2015 நவம்பரில் போலியோ ஊசியைப் பொதுத் திட்டத்தில் சேர்த்து, 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை நீக்கியது. குறைபாடுள்ள குழந்தைக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசியே உரியது.

தட்டம்மை ஊசியால் கேடு நேர்ந்தது அரிது. நேர்ந்தபோது கடுமையாக இருந்தது. அமெரிக்காவில் 1992இல் கல்லூரிச் சேர்க்கைக்காக ஓர் இளைஞர் தட்டம்மை அடங்கிய மூவகை ஊசியைப் போட்டுக்கொண்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, சி.டி.4 அணுக்கள் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்திருந்தன, ஆனால் வெளியே எந்த அறிகுறியும் இல்லை. ஓராண்டு கழித்து நுரையீரலில் தட்டம்மை தாக்கியது. ஆய்வில் கிடைத்தது ஊசியிலிருந்த வைரஸ். இந்த ஒரு நிகழ்வைக் காட்டி எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் ஊசியை மறுப்பது தவறு. இயற்கையாக வரும் தட்டம்மை இவர்களைக் கொல்லும் வாய்ப்பு மிக அதிகம். பெரியவர்களுக்கு சி.டி.4 எண்ணிக்கை 200க்கு மேலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 15 விழுக்காட்டுக்கு மேலும் நிலைத்திருந்தால் தட்டம்மை ஊசி போடலாம், போட வேண்டும்.

ரோட்டா சொட்டு மருந்து கூட்டுக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் நிற்காத வயிற்றுப்போக்கை உண்டாக்கியதால், அவர்களுக்கு அது கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் 2010இல் மருந்தோடு சேர்க்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசியிலோ எதிர்பாராத ஒரு தொடர்பு தெரியவந்தது. ஊசிக்குப் பின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் செயலிழந்த 23 பேரில் 4 பேருக்கு, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி வந்த வரலாறு இருந்தது. தைமஸ் நோயோ அதை அகற்றிய அறுவையோ உள்ளவர்களுக்கு இந்த ஊசி விலக்கு. ஆப்பிரிக்க, தென்னமெரிக்கப் பயணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதற்காக எவரும் தம் நோயை மறைத்து இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவக் காரணத்தால் விலக்கு பெறும் சான்று பன்னாட்டு விதிகளிலேயே இருக்கிறது.

சின்னம்மை ஊசி எனும் விதிவிலக்கு

உயிருள்ள தடுப்பூசி ஒன்று, எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளை மனத்தில் வைத்தே வளர்ந்தது என்பதை இத்துறையின் மிக அழகான அத்தியாயமாகச் சொல்லலாம். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி தம் சிறு மகன் சின்னம்மையால் பட்ட பாட்டைக் கண்டு இந்த ஆய்வில் இறங்கினார். 1974இல் அவர் உருவாக்கிய ஓகா வகை வைரஸ், மருத்துவமனையில் மற்ற நோய்களுக்காகத் தங்கியிருந்த குழந்தைகளுக்குத் தரப்பட்டது; பின்னர் ரத்தப் புற்றுநோய் அடங்கிய நிலையில் இருந்த குழந்தைகளுக்கும் கீமோவைச் சிறிது நிறுத்திவைத்துப் போடப்பட்டது. அக்காலத்தில் இந்தக் குழந்தைகளைப் புற்றுநோய்க்கு இணையாக அச்சுறுத்தியது சின்னம்மை. ஊசிக்குப் பின் பலருக்குக் கொப்புளங்கள் வந்தன, சிலருக்கு அசைக்ளோவிர் தேவைப்பட்டது. ஆனாலும் உண்மையான அம்மையோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஜப்பானில் 1986இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததும் இத்தகைய ஆபத்துள்ள குழந்தைகளுக்காகத்தான். நலமான குழந்தைகளுக்கு இது பொதுவாகப் பரவியது பிறகே. இன்றைய கீமோ முறைகள் கடுமையானவை என்பதால், சிகிச்சை முடிந்து மூன்று மாதமாவது ஆன பின்பே போடுகிறார்கள்.

அதே வைரஸ் முதுமையிலோ எதிர்ப்பு குறைந்தபோதோ மீண்டெழுந்து அக்கியாக வரும். 2006இல் வந்த முதல் அக்கித் தடுப்பூசி உயிருள்ளது. எனவே அக்கி அதிகம் தாக்கும் இந்த நோயாளிகளுக்கே அது விலக்காகிவிட்டது. 2017இல் வைரஸின் ஒரே ஒரு புரதத்தையும், சிலி நாட்டுச் சோப்பு மரப்பட்டையிலிருந்து எடுத்த பொருள் கலந்த ஊக்கியையும் கொண்ட புதிய ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தம் குருத்தணுக்களையே திரும்பப் பெற்ற நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இது அக்கியை 68 விழுக்காடு தடுத்தது. கை வலியும் உடல்வலியும் ஓரிரு நாள் மற்ற ஊசிகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். 

உயிரற்ற ஊசிகளின் பக்கவிளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், ஒரு நாள் காய்ச்சல், அசதி, தலைவலி. பட்டியல் எல்லோருக்கும் உள்ளதே. காய்ச்சல் என்பதே எதிர்ப்பாற்றல் வேலை செய்வதன் அடையாளம் என்பதால், மாற்று உறுப்புப் பெற்றவர்களிடம் சில வேளை இந்த விளைவுகள் குறைவாகவே தெரிகின்றன. ஆயினும் இந்த நோயாளிகளிடம் தனியே கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, காய்ச்சலை ஊசியின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் 101 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசர நிலை. முந்தைய நாள் ஊசி போட்டிருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாடிக்கும் பெற வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காத்திருந்த ஓர் இரவில் உயிர் போய்விடலாம்.

அடுத்தது நெறி. கோவிட் ஊசிக்குப் பின் அக்குளில் நெறி கட்டியது ஸ்கேனில் தெரிந்து, நோய் பரவிவிட்டதோ என்று மார்பகப் புற்றுநோயாளிகள் பலர் கலங்கினார்கள். நோய் இருந்த பக்கத்துக்கு எதிர்க் கையில் ஊசி போடுவதும், ஊசி போட்ட நாளை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்வதும் அந்தக் கலக்கத்தைத் தவிர்க்கும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஊசி போட்டால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடுமோ, அடங்கியிருந்த லூபஸ் கிளம்பிவிடுமோ என்ற பயம் பரவலானது. இன்ஃபுளுவென்சா ஊசி ஆண்டுதோறும் மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்குப் போடப்பட்டு வந்திருக்கிறது. அதனால் நிராகரிப்பு கூடியதாகச் சான்று இல்லை. 30 நாடுகளைச் சேர்ந்த 696 லூபஸ் நோயாளிகளிடம் கோவிட் ஊசிக்குப் பின் விசாரித்ததில், மருத்துவர் உறுதிசெய்த நோய்க் கிளர்ச்சி 3 விழுக்காட்டினருக்கே வந்திருந்தது. கோவிட் நோயால் அவர்கள் படக்கூடியதோடு வைத்துப் பார்த்தால் ஊசியை மறுக்க இது காரணமாகாது.

பலன் குறைவது

ஊசி போட்டும் பலன் கிடைக்காத சிக்கல், மழை பெய்தும் விதை முளைக்காத நிலத்தைப் போன்றது. ஊசியில் குறையில்லை, ஏற்க வேண்டிய உடலில் ஆளில்லை. கோவிட் காலத்தில் இது எண்களாகவே வெளிப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு உறுப்பு மாற்றுப் பெற்றவர்களிடம் 2021இல் சோதித்தபோது, எம்.ஆர்.என்.ஏ. ஊசியின் முதல் தவணைக்குப் பின் 17 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதற்குப் பின் 54 விழுக்காட்டினருக்கும் மட்டுமே எதிர்ப்பொருள் தென்பட்டது. நலமானவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது உண்டாகியிருந்தது. பிரான்சின் துலூஸ் நகரில் 101 பேருக்கு மூன்றாம் தவணை போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் உண்டானவர்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 68 ஆக உயர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இவர்களுக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது இத்தகைய சான்றுகளின் மேல்தான்.

டயாலிசிஸ் பிரிவுகளில் இந்தப் பாடம் முன்பே தெரியும். அங்கே ஹெபடைடிஸ் பி ஊசி இரட்டை அளவில், 40 மைக்ரோகிராம், பல முறைகளில் நான்கு தவணையாகப் போடப்படுகிறது. கடைசித் தவணைக்கு ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பொருளை அளந்து, 10 அலகுக்குக் கீழே இருந்தால் மறுபடி போடுகிறார்கள். பிறகு ஆண்டுக்கொரு முறை அளக்கிறார்கள். நலமானவருக்குத் தேவைப்படாத இந்த அளவீடு இங்கே சிகிச்சையின் பகுதி. எச்.பி.வி. ஊசியும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, முடிந்தவரை, மூன்று தவணை.

எந்த மருந்து எவ்வளவு கெடுக்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறு. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் முடக்குவாத நோயாளிகளிடம் கொரியாவில் நடந்து 2018இல் வெளிவந்த சோதனையில், இன்ஃபுளுவென்சா ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தியவர்களில் 75.7 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் கிடைத்தது. தொடர்ந்து எடுத்தவர்களில் 54.5 விழுக்காட்டினருக்கே. நோய் அடங்கியிருப்பவர்களுக்கு, மருத்துவர் ஒப்புதலோடு மட்டும் செய்ய வேண்டிய இடைநிறுத்தம் இது. ரிட்டுக்சிமாப் எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களையே துடைத்துவிடுவதால், மருந்து ஏற்றி ஆறு மாதம் வரை ஊசி ஏறக்குறைய வீணாகலாம். அடுத்த தவணை நெருங்கும் சமயத்தில் ஊசியைப் போட்டு, இரண்டு வாரம் பொறுத்து மருந்தை ஏற்றுவது வழக்கம்.

எப்போது போடுவது

எல்லாவற்றிலும் சிறந்த நேரம், எதிர்ப்பாற்றல் குன்றுவதற்கு முந்தைய நேரம். மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர், முடக்குவாதத்துக்குப் புதிய மருந்து தொடங்கப்போகிறவர், மண்ணீரல் அகற்ற நாள் குறித்திருப்பவர் ஆகியோருக்கு அந்தக் காத்திருப்புக் காலம் பொன்னானது. உயிரற்ற ஊசிகளை இரண்டு வாரம் முன்பும், உயிருள்ளவற்றை நான்கு வாரம் முன்பும் முடித்துவிட வேண்டும். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் கிருமிகள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. தலசீமியாவால் மண்ணீரல் இழந்த குழந்தைகளின் பெற்றோர் இந்த மூன்று ஊசிகளையும் கேட்டு வாங்க வேண்டும். விபத்தில் அவசரமாக அகற்றியிருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போடலாம்.

சிகிச்சைக்குப் பின் உயிருள்ள ஊசிகளுக்குக் காத்திருப்பு நீளம்: அதிக அளவு ஸ்டீராய்டை நிறுத்தி ஒரு மாதம், கீமோ முடிந்து மூன்று மாதம். எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்றவர்கள் குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசிகளின் நினைவையே பெரும்பாலும் இழந்துவிடுகிறார்கள். ஐம்பது வயதானாலும் பச்சைக் குழந்தைக்குப் போல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உயிரற்றவை சில மாதங்களில், தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் இரண்டு ஆண்டு கழித்து, அதுவும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் நின்ற பிறகே.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

ஊசி பலிக்காதவரைக் காக்கச் சுற்றியிருப்பவர்கள் ஊசி போட்டுக்கொள்வதே வழி. ரத்தப் புற்றுநோய்க் குழந்தையின் அண்ணன் தங்கைக்குத் தட்டம்மை ஊசியை மறுக்கும் வீடுகள் உண்டு; கூடாது. தட்டம்மை ஊசி வைரஸ் பிறருக்குத் தொற்றுவதில்லை. சின்னம்மை ஊசி போட்ட குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் மட்டும், அது காயும் வரை நோயாளியிடமிருந்து விலக்கிவைக்க வேண்டும். ரோட்டா மருந்து எடுத்த குழந்தையின் மலத்துணியை நோயாளி தொடக் கூடாது. விலக்க வேண்டியது ஒன்றே: போலியோ சொட்டு மருந்து. முகாம் நாளில் வீடு தேடி வரும் பணியாளர்களிடம் நிலைமையைச் சொல்லி, அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் போலியோ ஊசியைப் பெற வேண்டும். இன்ஃபுளுவென்சா ஊசி வீட்டுப் பெரியவர்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் நல்லது.

தொற்று நெருங்கியபின்

தட்டம்மை கண்டவரோடு பழகிவிட்டால், நலிந்தவருக்கு ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் செலுத்துவது உதவும். சின்னம்மைக்கு அதற்கேற்ற எதிர்ப்பொருள் மருந்தைப் பத்து நாட்களுக்குள் தரலாம். பிறர் உடலில் உருவான காப்பைக் கடன் வாங்கும் முறை இது, சில வாரங்களே நிற்கும்.

நாய்க்கடியில் எந்த விலக்கும் கிடையாது. வெறிநோய் வந்தால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை, ஊசியோ உயிரற்றது. கடிவாயைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி உடனே போக வேண்டும். தோல் கீறி ரத்தம் வராத இரண்டாம் வகைக் காயத்துக்கு மற்றவர்களுக்கு ஊசி மட்டும் போதும். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அதற்கும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்த வேண்டும். முன்பே முழுமையாக ஊசி போட்டிருந்தாலும் இவர்களுக்கு மறுபடி முழுச் சுற்றும் இம்யூனோகுளோபுலினும் தேவை. கூட்டமான ஊசி அறையில் செவிலியர் கடித்த நாயைப் பற்றிக் கேட்பார், காயத்தைப் பார்ப்பார். தினமும் எடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியும் நோயாளியே வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த இரண்டாவது மருந்தான இம்யூனோகுளோபுலின் கிடைக்கும்.